தனி ஆளுக்கு ஒரு கூடாரம்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் முகாம் கட்டணம் கையைக் கடிக்காமல் இருக்க

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் என்றொரு கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. ஒரு இரவுக்கு 36 டாலர். ஆறு பேர் சேர்ந்து போனால் தலைக்கு 6 டாலர்தான். தனியாகப் போனால் அந்த 36 டாலரும் உங்கள் தலையிலேயே விழும். ஒற்றை ஆள் என்பதற்காக அங்கே யாரும் பாதி விலை போடுவதில்லை. அதே பள்ளத்தாக்கில், இலவச ஷட்டில் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில், கேம்ப் 4 என்ற இடத்தில் ஆளுக்கு 10 டாலர் வாங்குகிறார்கள். நிற்கும் பாறையும் மரமும் ஒன்றே, இரவின் குளிரும் ஒன்றே. கட்டணம் கணக்கிடும் முறை மட்டும் வேறு.

தனியாகப் பயணம் செய்பவர் எந்தப் பூங்காவின் கட்டணப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்தத் தொகை இடத்துக்கா, ஆளுக்கா, பயணத்துக்கா? இதற்கு விடை தெரிந்துகொண்டால் பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

மூன்று வகைக் கட்டணம்

இடத்துக்கான கட்டணம்தான் எங்கும் பரவலாக இருப்பது. காரில் போய் இறங்கி, மேசையும் நெருப்பு வளையமும் உள்ள ஒரு சைட்டில் கூடாரம் அடிக்கும் வழக்கமான கேம்ப்கிரவுண்டுகள் எல்லாம் இந்த வகை. ஒரு சைட்டுக்குப் பொதுவாக ஆறு பேர் வரை அனுமதி. ஒருவர் தங்கினாலும் ஆறு பேர் தங்கினாலும் ஒரே விலை. கிரேட் ஸ்மோக்கி மலைகளில் கேட்ஸ் கோவ், எல்க்மான்ட் போன்ற இடங்களில் இது இரவுக்கு 30 டாலர்.

ஆளுக்கான கட்டணம்தான் தனிப் பயணிக்குத் தோது. கேம்ப் 4 அந்த வகை. நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கென்று சில பூங்காக்கள் ஒதுக்கி வைத்திருக்கும் சைட்டுகளும், காட்டுக்குள் நடந்து போய்த் தங்கும் பர்மிட்டுகளில் பலவும் இதில் அடங்கும்.

மூன்றாவது, பயணத்துக்கான கட்டணம். ஒரு பர்மிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குவார்கள். இதில்தான் கவனம் வேண்டும். ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் கோடைக்கால வனப் பர்மிட் ஒரு பயணத்துக்கு 36 டாலர். நான்கு பேர் ஐந்து இரவு தங்கினால் ஒன்றுமே இல்லை. தனி ஆள் ஒரே ஒரு இரவு தங்கினால், கழிவறை உள்ள கேம்ப்கிரவுண்டின் விலையைக் கொடுத்து, குழி தோண்டிக் காலைக்கடன் கழிக்க வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பூங்காவுக்குத் தனியாகப் போவதானால் இரவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கேன்யன்லேண்ட்ஸில் பர்மிட்டுக்கு 36 டாலர், அதற்கு மேல் ஆளுக்கு இரவுக்கு 5 டாலர். ஒரு இரவென்றால் 41. ஐந்து இரவென்றால் 61, அதாவது இரவுக்கு 12 சொச்சம்.

நுழைவுக் கட்டணம் வேறு, முகாம் கட்டணம் வேறு

புதிதாகப் போகிறவர்கள் அடிக்கடி தவறாக நினைக்கும் விஷயம் இது. ஆண்டு பாஸ் வாங்கிவிட்டோம், இனி முகாமும் இலவசம் என்று எண்ணிக்கொண்டு வாயிலுக்குப் போவார்கள். ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ ஆண்டு பாஸ் நுழைவுக்கு மட்டும்தான். கூடாரம் அடிக்கும் இடத்துக்குத் தனியாகக் கட்டியாக வேண்டும்.

யோசெமிட்டி, எல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், சயான் போன்ற பெரிய பூங்காக்களில் காருக்கு 35 டாலர், மோட்டார் சைக்கிளுக்கு 30, நடந்தோ சைக்கிளிலோ பஸ்ஸிலோ வருபவருக்கு ஆளுக்கு 20. ஒருமுறை கட்டினால் ஏழு நாள் செல்லும். ஜோஷுவா ட்ரீ, ஒலிம்பிக், கேன்யன்லேண்ட்ஸ் போன்றவற்றில் காருக்கு 30. அமெரிக்காவில் வசிப்பவருக்கு ஆண்டு பாஸ் 80 டாலர். காரில் போகிறவருக்கு 35 டாலர் பூங்காவென்றால் பன்னிரண்டு மாதத்தில் மூன்றாவது பூங்காவிலேயே பாஸ் லாபம். இரண்டு பூங்காவோடு நிறுத்துவதாக இருந்தால் வாங்காதீர்கள். 70 டாலரோடு வேலை முடிந்துவிடும்.

62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் 80 டாலருக்கு ஆயுள் பாஸ் வாங்கலாம். பிள்ளைகளோடு இங்கேயே குடியேறி கிரீன் கார்டு பெற்ற பெற்றோர் பலருக்கு இது தெரிவதே இல்லை. இந்த முதியோர் பாஸுக்கு இன்னொரு பலனும் உண்டு: பூங்கா நிர்வாகமே நடத்தும் பல கேம்ப்கிரவுண்டுகளில் முகாம் கட்டணமும் பாதியாகும். முன்பதிவு செய்யும்போதே பாஸ் எண்ணைப் பதிய வேண்டும். போய் இறங்கிய பிறகு கேட்டால் பணம் திரும்பி வருவது கடினம்.

பல பூங்காக்கள் வாயிலில் ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டன. கையில் கார்டு இருக்கட்டும்.

ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு

2026 ஜனவரி 1 முதல் கணக்கு மாறிவிட்டது. அமெரிக்காவில் வசிக்காதவர்கள், 16 வயதும் அதற்கு மேலும் இருந்தால், 11 பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். அந்தப் பதினொன்று: அகேடியா, பிரைஸ் கேன்யன், எவர்கிளேட்ஸ், கிளேசியர், கிராண்ட் கேன்யன், கிராண்ட் டீட்டன், ராக்கி மலை, செக்கோயா-கிங்ஸ் கேன்யன், எல்லோஸ்டோன், யோசெமிட்டி, சயான். வெளிநாட்டவருக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். அது இருந்தால் இந்த 100 கிடையாது.

தனியாகக் கார் எடுத்துப் போகிறவர் ஒரு பூங்காவோடு நிறுத்தினால் 135. இரண்டு பார்த்தால் 270. ஆக, இரண்டாவது பூங்கா உங்கள் திட்டத்தில் இருந்தாலே 250 டாலர் பாஸ்தான் மலிவு.

பட்டியலில் இல்லாத பூங்காக்களைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ், ஒலிம்பிக், ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி எதிலும் இந்தக் கூடுதல் தொகை இல்லை. கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. காரை நிறுத்துவதற்கு மட்டும் நாளுக்கு 5, வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40 டாலரில் ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். முதல் தடவை தனியாக வந்து முகாமிட நினைப்பவர் கேன்யன்லேண்ட்ஸும் ஆர்ச்சஸும் இருக்கும் யூட்டாவின் சிவப்புப் பாறைகளையோ ஒலிம்பிக்கின் மழைக்காட்டையோ முதலில் பார்த்துவிட்டு யோசெமிட்டியை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொண்டால் ஒரு குறையும் வராது.

பணம் கட்டுவதில் ஒரு சிறு எச்சரிக்கை. இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்துவிட்டிருக்க வேண்டும். வங்கியின் செயலியில் முந்தின நாளே அதைச் செய்துவிட்டு, ஒரு சிறு தொகை கட்டிப் பாருங்கள். சைட் கையில் சிக்கிய நேரத்தில் கார்டு மறுக்கப்பட்டால் அதைச் சரிசெய்வதற்குள் சைட் கைநழுவிவிடும்.

கேம்ப் 4: தனி ஆளுக்குச் சரியான இடம்

எல் கேப்பிட்டன் மலைச்சுவரில் ஏறுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவரும் இடம் இது. 2003-இல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஒரு சைட்டில் ஆறு பேர் வரை இருப்பார்கள். நீங்கள் தனியாக வந்தால் முன்பின் தெரியாதவர்களோடு இடத்தைப் பகிர வேண்டியிருக்கும். கூடாரம் உங்களுடையது. மேசையும் நெருப்பு வளையமும் எல்லோருக்கும் பொது. குடிநீரும் ஃபிளஷ் கழிவறையும் உண்டு. குளிக்க வேண்டுமென்றால் அதே பள்ளத்தாக்கில் இருக்கும் கறி வில்லேஜுக்குப் போய்ப் பணம் கட்டிக் குளிக்கலாம்.

காரை நிறுத்தும் இடத்திலிருந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். பெரிய கூடாரமும் ஐஸ் பெட்டியும் சுமந்து வந்தவர்கள் முதல் நடையிலேயே வருந்துவார்கள். வண்டிக்குள் படுத்து உறங்க அனுமதி இல்லை. நாய், பூனை கொண்டுவர முடியாது.

வசந்தத்தின் நடுவிலிருந்து இலையுதிர் காலம் வரை முன்பதிவு கட்டாயம். வருகை நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, காலை 7 மணிக்கு, பசிஃபிக் நேரப்படி, ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் திறக்கும். பள்ளத்தாக்கின் மற்ற கேம்ப்கிரவுண்டுகளுக்குப் போல ஐந்து மாதம் முன்பே திட்டம் போட முடியாதவருக்கு இது பெரிய வரம். குளிர்காலத்தில் முன்பதிவு இல்லை. வந்து சேருகிற வரிசைப்படி இடம் கிடைக்கும்.

அடிக்கடி தூக்கம் கலைகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மலையேறுபவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து கொக்கிகளையும் கயிறுகளையும் அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

முன்பதிவு: காலை 7 மணிக்கு என்ன நடக்கிறது

பெரும்பாலான பூங்காக்களில் ஆறு மாதம் முன்பு, நாளுக்கு நாள் நகரும் கணக்கில் இடம் திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அப்படி இல்லை. ஐந்து மாதம் முன்பு, ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி, ஒரு மாதத்துக்கான இடங்களை மொத்தமாகத் திறப்பார்கள். பிப்ரவரி 15-இல் திறப்பது ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரைக்கானது.

சென்னையிலோ கொழும்பிலோ இருந்து பதிவு செய்கிறவர்கள் நேரத்தில் ஏமாந்துபோவது சகஜம். காலை 7 மணி பசிஃபிக் நேரம் என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால் நமக்கு மாலை 7.30. பிப்ரவரி 15-க்கும் மார்ச் 15-க்கும் இடையில் இந்த மாற்றம் வந்துவிடும். போன மாதம் 8.30-க்கு உட்கார்ந்தோமே என்று அதே நேரத்துக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்திருப்பீர்கள். அதற்குள் எல்லாம் போயிருக்கும்.

செய்முறை இதுதான். கணக்கு தொடங்கி, முகவரியும் கைபேசி எண்ணும் முந்தின நாளே நிரப்பிவிடுங்கள். வேண்டிய கேம்ப்கிரவுண்டின் பக்கத்தைத் திறந்து, சைட் எண்களில் ஐந்தாறைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடாரத்துக்கு மட்டும் என்று குறித்திருக்கும் சிறிய சைட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். பெரிய வண்டியில் வரும் குடும்பங்கள் அவற்றைத் தொடமாட்டார்கள். 6.55-க்கு உள்நுழைந்து, தேதிகளைத் தேர்ந்து வைத்து, 7.00 ஆனதும் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். முதல் சைட் கிடைக்கவில்லையென்றால் அங்கேயே மல்லுக்கட்டாமல் அடுத்த எண்ணுக்குத் தாவுங்கள். கூடையில் விழுந்துவிட்டால் 15 நிமிட அவகாசம் உண்டு. பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் அதற்குள் நிதானமாக நிரப்பலாம்.

இடம் கிடைக்காமல் போனால் மனம் தளர வேண்டாம். இங்கேதான் தனி ஆளுக்கு அனுகூலம். மற்றவர்கள் ரத்து செய்யும்போது ஒரே ஒரு இரவு அங்குமிங்கும் காலியாகும். மூன்று இரவு வேண்டிய குடும்பத்துக்கு அது பயன்படாது, உங்களுக்குப் பயன்படும். தளத்திலேயே காலி இட அறிவிப்பு வசதி இருக்கிறது. அதைப் போட்டு வைத்துக்கொண்டு, ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளைக் குறிவையுங்கள். சைட் எண் இரவுக்கு இரவு மாறினால் கூடாரத்தைப் பிரித்து அடிக்க வேண்டும். ஒற்றை ஆள் கூடாரத்துக்கு அது இருபது நிமிட வேலை.

எல்லோஸ்டோனில் பிரிட்ஜ் பே, கேன்யன், கிரான்ட், மேடிசன் போன்ற பெரிய கேம்ப்கிரவுண்டுகளை சான்டெரா என்ற ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. அவற்றை அவர்களுடைய தளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். விலைக்கு மேல் வரியும் சேரும். அதே பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜில் காலி இடம் தெரிந்தால் அவசரப்பட்டுப் பதியாதீர்கள். கரடி நடமாட்டத்தால் அங்கே கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. துணிக் கூடாரத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. பதிவு செய்தவரே நேரில் அடையாள அட்டையோடு வர வேண்டும். வேறு யாரோ தனக்குக் கிடைத்த இடத்தைக் கூடுதல் விலைக்கு விற்பதாகச் சொன்னால் வாங்காதீர்கள். வாயிலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்காது.

மூன்று இரவுக்கு எவ்வளவு ஆகும்

யோசெமிட்டியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வசிக்கும் ஒருவர், சொந்தக் கார், பாஸ் இல்லை, மூன்று இரவு.

அப்பர் பைன்ஸில் தங்கினால் நுழைவு 35, முகாம் 108, மொத்தம் 143 டாலர். கேம்ப் 4 என்றால் 35-உம் 30-உம் சேர்ந்து 65. சரிபாதிக்கும் கீழே.

மூன்றாவது வழி காட்டுக்குள் போவது. யோசெமிட்டி வனப் பர்மிட்டுக்கு விண்ணப்பத்துக்கு 10 டாலர், ஆளுக்கு 5 டாலர். எத்தனை இரவு தங்கினாலும் அவ்வளவுதான். பர்மிட் உள்ளவர்கள் காட்டுக்குள் போவதற்கு முந்தின இரவும், திரும்பி வந்த இரவும் பேக்பேக்கர் கேம்ப்கிரவுண்டில் ஆளுக்கு 8 டாலரில் தங்கலாம். அதற்கு முன்பதிவு தேவையில்லை. கரடி தொட முடியாத உணவு டப்பா கட்டாயம். பூங்காவிலேயே வாரத்துக்கு 5 டாலர் வாடகை, திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பும். ஆக, 35, 15, 8, 5. மொத்தம் 63 டாலரில் ஒரு இரவு பள்ளத்தாக்கிலும் இரண்டு இரவு மலைமேலும். வெளிநாட்டிலிருந்து வருபவர் எந்த வழியில் போனாலும் 100 டாலரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கார் இல்லாதவர்கள் மெர்செட் ரயில் நிலையத்திலிருந்து யார்ட்ஸ் பஸ் பிடிக்கலாம். பஸ் டிக்கெட்டிலேயே பூங்காவின் வழக்கமான நுழைவுக் கட்டணம் அடங்கிவிடும். தனி ஆள் வாடகைக் காருக்கும் பெட்ரோலுக்கும் கொடுப்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், கேம்ப் 4-உம் இந்தப் பஸ்ஸும் சேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் சிக்கனம்.

இந்தத் தொகைகள் ஏறிக்கொண்டே வருபவை. பணம் கட்டும் பக்கத்தில் என்ன எண் வருகிறதோ அதையே இறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் போகிறவர்கள் கவனிக்க

யோசெமிட்டி வனப் பர்மிட்டில் ஒரு பகுதி 24 வாரம் முன்பு குலுக்கலில் போகும். மீதி, புறப்படும் நாளுக்கு ஏழு நாள் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். ஒற்றை ஆளுக்கு இந்த ஏழு நாள் கணக்கில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு பாதைக்கும் தலைகளை எண்ணித்தான் ஒதுக்குகிறார்கள். கடைசியாக ஒரு தலை மிச்சமிருந்தால் அதை எடுக்க உங்களால் மட்டுமே முடியும். பள்ளத்தாக்கு போன்ற ஆள் நடமாட்டமுள்ள பகுதிகளிலிருந்து பாதை வழியாக நான்கு மைல் தாண்டித்தான் கூடாரம் அடிக்கலாம். முதுகில் 12 கிலோ சுமந்து ஆயிரம் மீட்டர் ஏறும் பாதையில் நான்கு மைல் என்பது அரை நாள். கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் இந்த வழியை எடுக்க வேண்டாம். நடக்கப் பழகியவர்களுக்குத்தான் இது.

மற்ற பூங்காக்களில் கணக்கு வேறு. ஒலிம்பிக்கில் பதிவுக்கு 6 டாலர், ஆளுக்கு இரவுக்கு 8. கிரேட் ஸ்மோக்கியில் ஆளுக்கு இரவுக்கு 8, ஆனால் ஒரு பர்மிட்டுக்கு ஆளுக்கு 40 டாலருக்கு மேல் போகாது. ஐந்து இரவுக்குப் பிறகு வரும் இரவுகள் இலவசம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தனியாகக் காட்டுக்குள் போகும் எவரும் எந்தப் பாதை, எந்த இரவு எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பர்மிட் எடுத்திருப்பதால் ரேஞ்சர்கள் தாமாகத் தேடி வருவார்கள் என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்தோமா என்று யாரும் சரிபார்ப்பதில்லை.

நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கு

எல்லோஸ்டோன், கிளேசியர், கிராண்ட் கேன்யன் போன்ற பூங்காக்கள் தம் கேம்ப்கிரவுண்டுகளில் சில சைட்டுகளை நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்கென ஒதுக்கி வைக்கின்றன. கட்டணம் ஆளுக்கு. முழு சைட்டின் விலையில் சிறு பங்குதான். கேம்ப்கிரவுண்ட் நிரம்பிவிட்டது என்ற பலகை தொங்கினாலும் இவர்களுக்கு இடம் இருக்கும். காரை வெளியே எங்காவது நிறுத்திவிட்டு நடந்து வந்து இதைக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கேட்பதும் முறையல்ல. நூறு மைல் சைக்கிள் மிதித்துவிட்டு இருட்டும் நேரத்தில் வந்து சேருபவருக்காக வைத்திருக்கும் இடம் அது.

வெளியே இலவசமாகத் தங்குவது லாபமா?

பூங்காக்களைச் சுற்றியுள்ள தேசிய வனங்களிலும் பிஎல்எம் என்று சொல்லப்படும் பொது நிலங்களிலும், பொதுவாக 14 நாள் வரை காசு கொடுக்காமல் கூடாரம் அடிக்கலாம். தண்ணீர், கழிவறை, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்புக்கு வெளியே டுசையான் ஊரை ஒட்டிய கைபாப் வனம் இதற்குப் பேர்போனது. பூங்கா வாயில் அருகிலேயே இருப்பதால் தனி ஆளுக்கு நல்ல தேர்வு.

யோசெமிட்டியில் நிலைமை வேறு. சுற்றியுள்ள வனத்திலிருந்து பள்ளத்தாக்குக்குப் போய்வர 60 மைல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலனுக்கு 25 மைல் ஓடும் காருக்கு 2.4 கேலன் வேண்டும். கலிஃபோர்னியாவின் பெட்ரோல் விலைக்கு அதுவே 10 டாலரைத் தாண்டும். கேம்ப் 4-இல் அதே 10 டாலருக்குக் குடிநீரும் கழிவறையும் கிடைக்கிறது. மலைப்பாதையில் காலையும் மாலையும் வண்டி ஓட்டும் அலுப்பும் மிச்சம். அங்கே இடம் கிடைக்காத இரவுக்கு மட்டும் வனத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவின் வனங்களில் அடுப்பு பற்றவைக்கவே ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் பணம் போடும் இடங்கள்

முன்பதிவு இல்லாத, முதலில் வருபவருக்கு முதல் இடம் என்ற முறை இன்னும் சில கேம்ப்கிரவுண்டுகளில் உண்டு. ஜோஷுவா ட்ரீயின் ஹிடன் வேலி அப்படி ஒன்று. அங்கே குடிநீர்க் குழாய் கிடையாது. பாலைவனத்தில் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டராவது காரில் கொண்டு போக வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களின் நுழைவில் ஒரு அறிவிப்புப் பலகையும், பக்கத்தில் இடுப்பளவு உயரமுள்ள இரும்புக் குழாய்ப் பெட்டியும் நிற்கும். பலகையில் உறைகள் இருக்கும். முதலில் உறையை எடுக்காதீர்கள், சைட்டைத் தேடுங்கள். சைட்டின் முன்னால் ஒரு கம்பம், அதில் ஒரு கிளிப். கிளிப்பில் சீட்டு இல்லையென்றால், அல்லது சீட்டில் இன்றைய தேதியோடு கணக்கு முடிந்து ஆள் கிளம்பியிருந்தால், அது உங்களுக்கு. நாற்காலி ஒன்றை அங்கே போட்டுவிட்டு வந்து உறையை நிரப்புங்கள்: பெயர், வண்டி எண், சைட் எண், எத்தனை இரவு, எவ்வளவு தொகை. சரியான சில்லறையை உள்ளே வைத்து ஒட்டி, உறையில் துளைக்கோடு போட்ட பகுதியைக் கிழித்தெடுத்துக்கொண்டு, உறையைக் குழாயின் பிளவுக்குள் தள்ளுங்கள். கிழித்த சீட்டைக் கம்பத்துக் கிளிப்பில் மாட்டினால்தான் வேலை முடிந்தது. பலர் இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு நடைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது சைட்டில் வேறொருவர் கூடாரம் அடித்திருப்பார். பணம் கட்டியதற்கு அத்தாட்சி அந்தச் சீட்டு மட்டும்தான்.

குழாய்ப் பெட்டி மீதிச் சில்லறை கொடுக்காது. ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கையில் இருக்கட்டும். சில இடங்களில் உறைக்குப் பதிலாகக் கைபேசியில் ஸ்கேன் செய்து கட்டச் சொல்வார்கள். அங்கே சிக்னல் இருக்காது. ரெக்ரியேஷன் டாட் கவ் செயலியை ஊரிலேயே இறக்கி, உள்நுழைந்து வைத்திருந்தால் தடையில்லை.

கணக்கில் வராத செலவுகள்

கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. இறங்கிய ஊரில் வாங்கித்தான் ஆக வேண்டும். டீயும் நூடுல்ஸும் மட்டுமென்றால் சிறிய குப்பி போதும். சோறு வடிப்பதாக இருந்தால் 230 கிராம் வேண்டும். எரிபொருளைச் சேமிக்க நம் ஊர் அவலைவிட நல்ல உணவு இல்லை. நனைத்துப் பிழிந்து, வேர்க்கடலையும் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் காலை வேளை முடிந்தது, அடுப்பே வேண்டாம்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் விறகு பொறுக்க அனுமதி இல்லை. கட்டாக விலைக்கு வாங்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை மாலை 5 மணியிலிருந்து இரவு 10 வரைதான் நெருப்பு மூட்டலாம். தனி ஆள் ஒரு கட்டு விறகை எரித்து என்ன செய்யப் போகிறார்? பக்கத்துச் சைட்டில் நெருப்பு எரிந்தால் போய்ப் பேசுங்கள், பெரும்பாலும் உட்காரச் சொல்வார்கள்.

கரடிப் பெட்டிக்கு வாடகை இல்லை. ஒவ்வொரு சைட்டிலும் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளளவு சுமார் 33 அங்குல ஆழம், 45 அங்குல அகலம், 18 அங்குல உயரம். உணவு மட்டும் அல்ல, வாசனையுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும்: பற்பசை, சோப்பு, சூரியத் தடுப்புக் களிம்பு, தேங்காய் எண்ணெய், ஊறுகாய், பருப்புப்பொடி. இரவில் காருக்குள் உணவை விட்டுவைக்கக் கூடாது. கரடி கண்ணாடியை உடைப்பதோடு நிற்காது, கதவையே பிடுங்கும். விதியை மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்க முடியும். அதைவிட வருத்தம், மனித உணவின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொன்றுவிட நேர்கிறது. பெட்டியைத் திறந்து ஒரு பொருளை எடுத்தவுடன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

திட்டம் மாறினால்

ரத்து செய்ய ரெக்ரியேஷன் டாட் கவ் 10 டாலர் பிடிக்கும். வருகைக்கு முந்தின நாளோ அன்றோ ரத்து செய்தால் அந்த 10-உம் முதல் இரவுக் கட்டணமும் போகும். சொல்லாமலே இருந்துவிட்டால் 20 டாலரும் முதல் இரவும். அப்பர் பைன்ஸ் மூன்று இரவுக்கு 108 கட்டியவர் முன்கூட்டியே ரத்து செய்தால் 98 திரும்பும். கடைசி நாளில் செய்தால் 62. வராமலே இருந்தால் 52. போகப் போவதில்லை என்று தெரிந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். உங்களுக்குப் பணம் மிஞ்சும், காலி இட அறிவிப்புக்குக் காத்திருக்கும் இன்னொரு தனிப் பயணிக்கு அந்த இரவு கிடைக்கும்.

வழியில் வண்டி மக்கர் செய்து முதல் நாள் போய்ச் சேர முடியாமல் போனாலும் பதறாதீர்கள். மறுநாள் காலி செய்யும் நேரம் வரை உங்கள் சைட்டை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். யோசெமிட்டியில் அந்த நேரம் நண்பகல் 12 மணி.